24-ந்தேதி சாயங்காலம் எங்க இருப்ப? ஜெர்மனிக்கு எக்ஸ்சேஞ்ச் போறவங்களுக்கு டிசம்பர் லீவு கணக்கு

சித்தப்பா பையன் இந்த 2026 அக்டோபர்ல ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சுக்கு ஜெர்மனி போறான். விசாவே இன்னும் கைக்கு வரல, அதுக்குள்ள வீட்ல டிசம்பர் லீவுக்கு பஞ்சாயத்து ஆரம்பிச்சாச்சு. சித்தி "லீவு விடுறாய்ங்கள்ல, வந்து மொகத்தக் காட்டிட்டுப் போகட்டும்"ங்குது. சித்தப்பா "அம்புட்டு தூரம் போயி நாலு ஊரப் பாக்காம வந்தா எதுக்கு"ங்குறாரு. இவன் என்னடான்னா "அக்கா, நான் ரூம்லயே படுத்துத் தூங்குறேன்க்கா, என்ன விட்ருங்க"ங்குறான். நான் 2022 அக்டோபர்ல இருந்து மறுவருஷம் மார்ச் வரைக்கும் ஜெர்மனில டிரெஸ்டன்ல இருந்துட்டு வந்தவங்கிறதால கடைசில எல்லாரும் என்கிட்டதான் வந்து நிக்கிறாக, ஒவ்வொருத்தருக்கா சொல்லிச் சொல்லி தொண்டை வத்திப்போச்சு. இதே பஞ்சாயத்து வேற வீடுகள்லயும் ஓடிக்கிட்டு இருக்கும், அதனால ஒரே தடவையா எழுதிப் போட்டுறேன்.

நாங்க கூடலூர், தேனி மாவட்டம் (நீலகிரி கூடலூர் இல்ல, எல்லாரும் அதத்தான் கேப்பாங்க). லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுனா குமுளி, அதோட கேரளா. வெள்ளன எந்திரிச்சு ஜீப்புல ஏறி கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்ட வேலைக்குப் போயிட்டு பொழுதுசாய வீடு திரும்புற ஜனங்க எங்க பக்கம் ஏராளம், எல்லையத் தாண்டுறதெல்லாம் எங்களுக்கு அன்னாடம் நடக்குற சோலி. ஆனா வீட்ட விட்டு அஞ்சாறு மாசம் தள்ளி இருக்கிறதும், அதுக்கு நடுவுல ரெண்டு வாரம் காலேஜும் இல்லாம ஹாஸ்டலும் வெறிச்சுன்னு கெடக்கிறதும் வேற மாதிரி.

மொதல்ல காலண்டரப் பாத்துருவோம், பாதி பஞ்சாயத்து அதுலயே தீந்துரும். விண்டர் செமஸ்டர் பேப்பர்ல அக்டோபர் 1 டு மார்ச் 31. கிளாஸ் நடக்கிறது அக்டோபர் நடுவுல இருந்து பிப்ரவரி மொத பாதி வரைக்கும், அதுக்கப்புறம் பரீட்சை. நடுவுல கிறிஸ்துமஸ் லீவு சுமாரா டிசம்பர் 21, 22ல ஆரம்பிச்சு ஜனவரி மொத வாரத்துல முடியும், யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி ரெண்டு நாள் முன்ன பின்ன இருக்கும். டிசம்பர் 24 மத்தியானத்தோட கடையெல்லாம் சாத்திருவாங்க, 25, 26 ரெண்டும் அரசு விடுமுறை, ஞாயித்துக்கிழமை எப்பவுமே கடை கிடையாது. இந்த 2026ல 24 வியாழன், 25 வெள்ளி, 26 சனி, 27 ஞாயிறு. புரியுதா, வியாழன் மத்தியானம் சாத்துன சூப்பர்மார்க்கெட்ட திங்கக்கிழமை காலைலதான் தெறப்பாங்க. நம்மூர்ல முழு கடையடைப்பு அன்னிக்குக் கூட எங்கயாச்சும் ஒரு பெட்டிக்கடைல பாதி ஷட்டரத் தூக்கி வச்சுக்கிட்டு பால் குடுப்பாக, அங்க பெரிய ரயில்வே ஸ்டேஷனுக்குள்ள இருக்கிற கடை ஒண்ணு ரெண்டத் தவிர ஒண்ணும் கெடைக்காது. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும், காலைல எட்டு மணிக்குத்தான் வெளிச்சமே வரும்.

அந்த 24 சாயங்காலம் இருக்கு பாருங்க, அதுதான் வெளியூர்ல இருந்து போனவங்கள அடிச்சுப் போடுறது. நம்மூர்ல தீபாவளின்னா தெருவே கூடும், அங்க தெருவுல ஒரு ஆள் கூட இருக்க மாட்டாங்க, எல்லா சன்னல்லயும் வெளக்கு எரியும், எல்லாரும் வீட்டுக்குள்ள அவங்கவங்க சொந்தபந்தத்தோட இருப்பாங்க, நம்ம மட்டும் ட்ராம் ஸ்டாப்புல கைய பாக்கெட்டுல விட்டுக்கிட்டு நிப்போம். அதனால நான் அவன்கிட்ட சொன்னது, டிக்கெட் வெலய வச்சு ஆரம்பிக்காத, 24 சாயங்காலம் எந்த வீட்ல எந்த மேசைல உக்காந்திருப்பன்னு மொதல்ல முடிவு பண்ணு, மத்த நாளெல்லாம் எப்படியும் ஓடிரும். இனி ஒவ்வொரு யோசனையையும் அத வச்சே பாக்குறேன்.

சித்தி ஆசைப்படுற மாதிரி ஊருக்கு வர்றது. வந்தா 24 சாயங்காலம் வீட்ல அம்மா கையால சோறு, அதுல கொறையே இல்ல. ஆனா ஊருக்கு வர்றதுன்னு யாரு சொன்னாலும் மனசுல பொங்கல வச்சுத்தான் சொல்றாக. பொங்கல் ஜனவரி மத்தில, லீவு முடியிறது ஜனவரி மொத வாரம். மாட்டுப் பொங்கலுக்கு அவன் லேப்ல உக்காந்திருப்பான். அப்ப என்னத்துக்கு வர்றது, மார்கழி மாசம் வந்து கோயில் பொங்கல் வாங்கித் தின்னுட்டுப் போறதுக்கா. வெலையும் அப்படித்தான், கல்ஃப்ல இருக்கிற மலையாளிக அம்புட்டு பேரும் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வர்றது அந்த வாரத்துலதான், கொச்சிக்குப் போற ப்ளைட்டு பெரும்பாலும் கல்ஃப்ல மாறித்தான் வரும், டிக்கெட் வானத்துக்கு ஏறிரும். 2022 நவம்பர்ல நான் பெர்லின்ல இருந்து நெடும்பாசேரிக்கு (அதான் கொச்சி ஏர்போர்ட்) போக வரப் பாத்தப்ப 85 ஆயிரத்துக்கு மேல காட்டுச்சு, பாத்த ஒடனே மூடி வச்சுட்டேன். எறங்குனதுக்கப்புறம் இன்னொரு கூத்து, அது ஐயப்ப சீசன். கம்பம்மெட்டு வழியா போ, குமுளி வழியா வான்னு வண்டியெல்லாம் ஒன்வேல விட்டுருப்பாங்க, ஏர்போர்ட்ல இருந்து வீடு வர்றதுக்குள்ள விடிஞ்சிரும். மதுரைக்கு வரலாம், துபாய், கொழும்பு வழியா இருக்கு, வெல என்னமோ கொறையல.

இதுல காசவிட முக்கியமானது விசா. போறப்ப பாஸ்போர்ட்ல ஒட்டித் தர்ற விசா சில பேருக்கு மூணு மாசம், சில பேருக்கு ஆறு மாசம். மூணு மாசம்னா அது கிட்டத்தட்ட டிசம்பர் கடைசிலதான் முடியும், அதுக்குள்ள அங்க ரெசிடென்ஸ் கார்டுக்கு எழுதிப் போட்டு கார்டு கைக்கு வந்திருக்கணும், வரலேன்னா ஒரு இடைக்காலப் பேப்பர் தருவாங்க. அந்தப் பேப்பர்ல மூணு வகை இருக்கு, எந்தக் கட்டத்துல டிக் போட்டிருக்காங்களோ அதப் பொறுத்துதான் வெளிநாடு போயிட்டு திரும்ப உள்ள வர முடியும், எல்லா வகைக்கும் முடியாது. வேற ஊர்ல படிச்ச பையன் ஒருத்தன் இது தெரியாம கோயமுத்தூர் வந்துட்டு திரும்பிப் போறதுக்குள்ள பட்ட பாடு, ரெண்டு வாரம் கிளாஸ் போச்சு, டிக்கெட்டும் போச்சு. நான் சித்திக்கு சொன்னது, மொத்தமே அஞ்சு மாசம், பிப்ரவரி கடைசில பரீட்சை முடிச்சுட்டு மூட்டையக் கட்டி ஒரேயடியா வரட்டும், டிக்கெட்டும் அப்ப கொறைவு. சித்திக்கு மொகம் சுருங்கிருச்சு, என்ன பண்றது. வீட்ல வயசானவங்களுக்கு ஒடம்புக்கு முடியலேன்னாலோ, இல்ல அவனுக்கே மனசு தாங்கலேன்னாலோ இந்தக் கணக்கு எதுவும் பாக்க வேண்டாம், கெளம்பி வந்துரணும், அது வேற.

அடுத்து தம்பி சொல்ற ரூம். காசு மிச்சம், பிப்ரவரி பரீட்சைக்குப் படிக்கலாம், தூங்கலாம். மொத மூணு நாள் சொர்க்கம்தான். எங்க ஹாஸ்டல் ஃப்ளோர்ல பன்னெண்டு பேரு, 22-ந்தேதி பாத்தா நானும் கட்டப்பனைல இருந்து வந்த ஒரு மலையாளிப் பொண்ணும் மட்டும்தான், மத்ததெல்லாம் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருச்சு. கிச்சன்ல ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் காதுல கேக்கும். அந்த வருஷம் வேற ரஷ்யா கேஸ நிறுத்துனதால ஊரே ஹீட்டர அளந்து போட்டுச்சு, அரசு ஆபீஸ்லயெல்லாம் 19 டிகிரிதான்னு சட்டமே போட்டாங்க, லீவுல லைப்ரரியும் பூட்டியாச்சு, படிக்கிறேன்னு சொல்லிட்டு கம்பளிக்குள்ள போன் பாத்ததுதான் மிச்சம். இப்ப அந்தக் கஷ்டம் இருக்காது, ஆனா ஆளில்லாத ஹாஸ்டல் ஆளில்லாத ஹாஸ்டல்தான்.

ஆனா ரூம்ல இருக்கிறதுன்னா தனியாத்தான் இருக்கணும்னு இல்ல, ஜெர்மனில மலையாளிக இல்லாத ஊரே கெடையாது, 1960கள்லயே சர்ச் மூலமா நர்ஸ் வேலைக்கு பொண்ணுகளக் கூட்டிட்டுப் போயிருக்காங்க, அப்ப போன குடும்பமெல்லாம் இப்ப பேரன் பேத்தி எடுத்தாச்சு. அந்தக் கட்டப்பனைப் பொண்ணு அப்படி ஒரு நர்ஸ் சேச்சி வீட்டுக்குத்தான் 24 ராத்திரி போச்சு, அப்பமும் ஸ்டூவும் பிளம் கேக்கும், எனக்கும் அழைப்பு இருந்துச்சு, நான் போனது வேற வீடு, அதக் கடைசில சொல்றேன். நம்ம எல்லைக்காரங்களுக்கு இது ஒரு வசதி, அவங்க பேசுறது பாதி புரியும், சாப்பாடும் பழக்கம். (டிசம்பர் 18 உலகக் கோப்பை ஃபைனல் அன்னிக்கு அர்ஜென்டினா ஜெயிச்சதுக்கு அந்தப் பொண்ணு அழுத அழுகையப் பாத்து பக்கத்து ரூம் பிரெஞ்சுக்காரன், தோத்தது அவன் டீமு, அவன் வந்து இவளுக்கு டிஷ்யூ குடுத்தான்.) ஆக ரூம்ல இருக்கலாம், 24 சாயங்காலத்துக்கு மட்டும் யாராச்சும் ஒருத்தர் வீட்டக் கேட்டு வச்சுக்கணும், 23-ந்தேதி காலைலயே அரிசி, பருப்பு, பால், வெங்காயம் வாங்கி வச்சுறணும். ஒண்ணுமே வேண்டாம் நான் தூங்குறேங்கிறவனுக்கு அஞ்சாவது நாள் அந்த இருட்டு என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும், நான் பாத்துருக்கேன்.

சித்தப்பா சொல்ற நாலு ஊரு. இதுலதான் ஆளாளுக்கு கோட்டை கட்டுறாய்ங்க, பாரிஸ், ரோம், ஸ்விஸ்னு. ஜெர்மன் விசாவோ கார்டோ இருந்தா ஷெங்கன் நாடெல்லாம் (ஒரே விசா செல்லுற ஐரோப்பா நாடுக) சுத்தலாம், 180 நாள்ல 90 நாள் வரைக்கும். இப்ப மொத்தம் 29 நாடு, நான் இருந்தப்பதான் 2023 ஜனவரி 1 அன்னிக்கு குரோஷியா சேந்துச்சு, 2025 ஜனவரில பல்கேரியாவும் ருமேனியாவும் முழுசா உள்ள வந்துருச்சு. ஸ்விஸ்ஸும் இதுல உண்டு. லண்டனும் அயர்லாந்தும் கிடையாது, அதுக்குத் தனி விசா. ரயில் பாஸ் எடுக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும், ஐரோப்பால குடியிருக்கோம்னு காட்டுனா பல நாட்டு ரயிலுக்கும் சேத்து ஒரே பாஸா இருக்கிற இன்டர்ரெயில் எடுக்கலாம், ஆனா குடியிருக்கிற நாட்டுக்குள்ள போக ஒரு தடவ, வர ஒரு தடவதான் அது செல்லும். ஜெர்மனிக்குள்ள சுத்த மாசப் பாஸ் இருக்கு, 2023 மே மாசம் வந்தப்ப 49 யூரோ, இப்ப 63, ஆனா அதுல சின்ன ரயில், பஸ், ட்ராம்தான், ஐசிஇ மாதிரி வேக ரயில்ல ஏறுனா அபராதம்.

கிறிஸ்துமஸ் மார்க்கெட் பாக்கத்தான் போறேன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லியாகணும். டிரெஸ்டன் மார்க்கெட் 1434ல இருந்து நடக்குது, ஜெர்மனிலயே ரொம்பப் பழசுன்னு சொல்லிக்கிற மார்க்கெட்ல அதுவும் ஒண்ணு, அதயும் நூரம்பர்க் மார்க்கெட்டயும் 24-ந்தேதியோட எடுத்துருவாங்க. அதாவது லீவு ஆரம்பிக்கிறப்ப மார்க்கெட் முடியுது. நம்மூர்ல சித்திரைத் திருவிழா முடிஞ்ச மறுநாள் மதுரைக்குப் போயி அழகர எங்கன்னு கேட்ட கதைதான். அதனால கிளாஸ் இருக்கிறப்பவே டிசம்பர் மொத ரெண்டு வாரம் சாயங்காலம் போயிப் பாத்துறணும், சுடச்சுட க்ளூவைன் (மசாலா போட்ட ஒயின்) ஊத்திக் குடுக்கிற கோப்பைக்கு டெபாசிட் வாங்குவாங்க, திருப்பிக் குடுத்தா காசு வந்துரும், குடிக்காத பிள்ளைகளுக்கு ஆல்கஹால் இல்லாததும் உண்டு. லீவுக்குள்ளதான் மார்க்கெட் பாக்கணும்னா பிராகுக்குப் போ, அங்க ஜனவரி 6 வரைக்கும் நடக்கும்.

நான் போனதும் பிராக், அப்புறம் வியன்னா, 27ல இருந்து 1 வரைக்கும். டிரெஸ்டன்ல இருந்து பிராகுக்கு ரெண்டரை மணி நேரத்துக்குள்ள ரயிலு, எல்பே ஆத்த ஒட்டியே போகும், ஒரு எடத்துல போன்ல மெசேஜ் வந்து விழுந்துச்சு, அறிவிப்பு பாஷை மாறுச்சு, அப்ப அவ்ளோதான் பார்டர். குமுளில கூட செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்தி டிக்கியத் தெறக்கச் சொல்லுவாங்க. செலவு, ஆறு நாள் பெட்டு, ரயிலு, சாப்பாடு எல்லாம் சேத்து எனக்கு 380 யூரோ கிட்ட ஆச்சு, அப்ப பிளாக்டு அக்கவுண்ட்ல (விசாவுக்காக முன்கூட்டியே காசு போட்டு வச்சு மாசாமாசம் எடுக்கிற கணக்கு) இருந்து மாசம் வர்றதே 861 யூரோதான், ஜனவரி பூரா பருப்பு சோறு. இதுல பாதி 31 ராத்திரி ஒரே ஒரு நாள் பெட்டுக்குப் போனது. நியூ இயருக்கு பெரிய ஊர்ல பெட்டு வேணும்னா அக்டோபர்லயே போட்டுறணும், இல்லேன்னா 30 ராத்திரியே திரும்பி வந்துறணும், நான் இப்பப் போனா அதத்தான் செய்வேன். ஜெர்மனில வெடி விக்கிறதே வருஷக் கடைசி மூணு நாள்தான், கொரோனால ரெண்டு வருஷம் விக்க விடாம 2022லதான் திரும்ப விட்டாங்க, எங்க ஹாஸ்டல் வாசல்ல வெடிச்ச வெடிக்கு சிவகாசி தோத்துச்சுன்னு அங்கயே இருந்தவங்க சொன்னாங்க. பனில வெள்ளை கிறிஸ்துமஸ் பாக்கலாம்னு கனவு கண்டவங்களுக்கு, டிசம்பர் நடுவுல மைனஸ்ல போன குளிரு கிறிஸ்துமஸுக்கு ஒடஞ்சு போச்சு, 31-ந்தேதி வரலாறு காணாத வெக்கை, நான் ஸ்வெட்டர இடுப்புல கட்டிக்கிட்டு வியன்னால சுத்துனேன். உறைபனி பாக்கணும்னா ஜனவரில மூணாறு செண்டுவாரைக்குப் போகலாம், பஸ் டிக்கெட்தான்.

நாலு ஊர் யோசனைல பெரிய ஓட்டை 24, 25, 26 அந்த மூணு நாள்தான். 24, 25ல புது ஊர்ல போயி எறங்குனா பாதி மியூசியம் பூட்டு, பாதி ஹோட்டல் பூட்டு, கெபாப் கடை தெறந்திருந்தா அதுதான் கிறிஸ்துமஸ் விருந்து. ஊர் சுத்துறது 27க்கு மேல வச்சுக்கணும்.

வேலை பாத்து சம்பாதிக்கலாம்னு ஒரு யோசனையும் இருக்கு. படிக்கிறவங்களுக்கு இப்ப வருஷத்துக்கு 140 முழு நாள் இல்ல 280 அரை நாள் வேலை பாக்க அனுமதி இருக்கு, பார்சல் குடோன்ல டிசம்பர்ல ஆள் எடுப்பாங்க. ஒரு செமஸ்டருக்குப் போனவன் அதுக்கு வரி நம்பர், இன்சூரன்ஸ் பேப்பர்னு அலையிறதுக்குள்ள லீவே முடிஞ்சிரும். நான் இத எண்ணல.

கடைசி யோசனை, யாருமே வீட்ல சொல்லாதது, அங்க உள்ள ஒரு வீட்டுக்குப் போறது. எக்ஸ்சேஞ்ச் பிள்ளைகளுக்கு வழி காட்ட உள்ளூர் ஸ்டூடன்ட் ஒருத்தர ஒதுக்கி விடுவாங்க, பேரு பட்டி, இங்கிலீஷ்ல buddy. (கட்டப்பனைப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா, மலையாளத்துல பட்டின்னா நாய். எனக்கு என்னமோ எங்க ஊர்ப்பக்கம் இருக்கிற அம்புட்டு பட்டியும் ஞாபகம் வந்துச்சு.) என் பட்டி டிரெஸ்டனுக்குத் தெக்க எர்ட்ஸ்கெபிர்கெ மலைல ஒரு சின்ன ஊரு, செக் பார்டர ஒட்டி. நவம்பர் கடைசில "கிறிஸ்துமஸுக்கு என்ன பண்றே"ன்னு கேட்டா, நான் நம்ம பழக்கத்துல "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, பரவாயில்ல"ன்னேன். இங்கதான் நம்ம பிள்ளைக கோட்டை விடுறது. நம்மூர்ல மூணு தடவ வேண்டாம்னு சொல்லிட்டு நாலாவது தடவ இலைல உக்காருவோம், அங்க ஒரு தடவ வேண்டாம்னா வேண்டாம்தான், அவங்க மதிச்சு விட்டுருவாங்க. மறுநாள் நானே போயி "நீ கேட்டது நெசமா, நான் வரலாமா"ன்னு கேட்டேன், வெக்கமாத்தான் இருந்துச்சு, ஒடனே அவங்க அம்மாவுக்கு போனப் போட்டுட்டா.

அந்த மலை பழைய சுரங்க ஊரு, வெள்ளியும் தகரமும் தோண்டுனவங்க, 2019ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துருக்காங்க. ஒவ்வொரு சன்னல்லயும் வில்லு மாதிரி வளஞ்ச மரச்சட்டத்துல வரிசையா மெழுகுவத்தி இருக்கும், பேரு ஷ்விப்போகன். இருட்டுல குழிக்குள்ள எறங்கி இருட்டுலயே மேல வந்தவங்களுக்கு குளிர்காலத்துல சூரியனே கண்ணுல படாது, அதனால வெளிச்சத்து மேல அம்புட்டு ஏக்கம்னு அவங்க தாத்தா சொன்னாரு. எங்க அப்பத்தா கார்த்திகைக்கு வாசல்ல வெளக்கு வரிசையா வைக்கிறது அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. 24 ராத்திரி சாப்பாட்டுக்கு ஒம்பது வகை வைப்பாங்க, நொய்னர்லைன்னு பேரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அர்த்தம், பயறு வகை தின்னா சில்லறைக் காசு தீராதாம், தட்டுக்கு அடில ஒரு நாணயம் வச்சிருந்தாங்க, சாப்டு முடிக்கிற வரைக்கும் யாரும் மேசைய விட்டு எந்திரிக்கக் கூடாது. புளிச்ச முட்டைக்கோசு எனக்கு எறங்கல, எந்திரிக்கவும் முடியாது, அம்மாச்சி திட்டுறதுக்குப் பயந்து பாவக்காய முழுங்குன மாதிரி முழுங்குனேன்.

நான் கொண்டு போனது எங்க தோட்டத்து ஏலக்காய் நூறு கிராம். அவங்க கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்கு ஏலக்காய் போடுவாங்க, ஆனா அலமாரில இருந்த டப்பால குவாத்தமாலான்னு எழுதியிருந்துச்சு. நம்ம பச்சைக் காய ஒடச்சதும் அந்த அம்மா மூக்குகிட்ட வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. ரெண்டு ராத்திரி இருந்தேன், செலவுன்னு பாத்தா டிக்கெட்டும் ஒரு பூச்செடியும்தான்.

கஷ்டம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். அவங்க குடும்பத்துல பேசிச் சிரிக்கிறப்ப பாதி புரியாது, பன்னி இறைச்சி தின்னாதவங்க, சைவம் சாப்பிடுறவங்க முன்கூட்டியே சொல்லணும், சொன்னா தப்பா எடுக்க மாட்டாங்க. ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு ராத்திரி, அதுக்கு மேல இருந்தா நமக்கே சங்கடம். எல்லாருக்கும் இப்படி ஒரு பட்டி அமையாதுங்கிறதும் உண்மைதான், அப்ப இருக்கவே இருக்கு நர்ஸ் சேச்சி வீடு.

இப்ப தம்பிக்கு நான் போட்டுக் குடுத்தது, அக்டோபர், நவம்பர்ல ஆளுகளோட பழகு, ரூம்ல அடஞ்சு கெடக்காத, டிசம்பர் மொத வாரமே மார்க்கெட்ட முடிச்சுரு, 23 காலைல பலசரக்கு வாங்கு, 24, 25 யாராச்சும் வீட்ல இரு, 27ல இருந்து நாலு நாள் பக்கத்து நாடு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணுதான், 31க்கு முன்னாடி ரூமுக்கு வந்துரு, அப்புறம் நீ ஆசைப்பட்ட தூக்கத்த தூங்கு. சித்தப்பாவுக்கு சம்மதம். சித்தி மட்டும் இன்னும் பேசல, ஆனா நேத்து போயிப் பாத்தா அவன் பெட்டிக்குள்ள நெய்ல செஞ்ச அதிரசமும் ஒரு பாட்டில் நெய்யும் வச்சிருக்கு. பால், நெய், கறி எதுவும் வெளில இருந்து ஐரோப்பாக்குள்ள கொண்டு போகக் கூடாது, ஏர்போர்ட்ல பிடிச்சாங்கன்னா குப்பைலதான் போடுவாங்க. அத வெளிய எடுத்து வச்சுட்டு ஏலக்காய் பொட்டலத்த உள்ள வச்சுருக்கேன், சித்திகிட்ட இனிமேதான் சொல்லணும்.